செல்சவ்வுப் புரதத்தை வெளியே எடுக்க எது சரி: காரமா, டிடர்ஜென்டா, நானோடிஸ்கா?

செல்சவ்வுப் புரதத்தில் வேலை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த டிடர்ஜென்ட் நல்லது?" என்பதுதான். (டிடர்ஜென்ட் என்றால் சவ்வுக் கொழுப்பைக் கரைத்துப் புரதத்தை நீருக்குள் கொண்டுவரும் சோப்பு போன்ற பொருள்.) அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எடுத்த பிறகு அந்தப் புரதத்திடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கவா, யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கவா, வேலை செய்கிறதா என்று அளக்கவா, வடிவம் காணவா? இந்த நான்கு கேள்விக்கும் ஒரே புட்டி பொருந்தாது. அலமாரியில் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் இருக்கிறது என்பதற்காக அதை ஊற்றிவிட்டு, பிறகு ஏன் செயல்பாடு வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் வீணாகும் உழைப்பு.

ஒப்பிட ஒரே சவ்வை வைத்துக்கொள்வோம்: மனித இரத்தச் சிவப்பணு. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, உட்சவ்வு எதுவும் இல்லை. ஆகவே கிடைக்கும் சவ்வு முழுவதும் செல்சவ்வு. வளர்ப்புச் செல்களில் எண்டோபிளாச வலைச்சவ்வின் கலப்படத்தோடு போராடும் தொல்லை இங்கே கிடையாது. எல்லா வகைப் புரதமும் இதில் உண்டு. பேண்ட் 3 என்ற அயனிப் பரிமாற்றப் புரதம் பல முறை சவ்வைக் கடந்து போகும். ஒரு செல்லில் ஏறத்தாழ 10 லட்சம் பிரதிகள். கிளைக்கோஃபோரின் ஏ ஒரே ஒரு முறை கடக்கும். ஆக்வாபோரின்-1 நீர் போகும் வழி. ஸ்பெக்ட்ரினும் ஆன்கைரினும் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரப் புரதங்கள். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ், சிடி59 இரண்டும் ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தில் வெளிப்புறம் தொங்குகின்றன.

முதலில் சவ்வு சுத்தமாக வேண்டும்

எந்த முறையைத் தேர்ந்தாலும் தொடக்கம் இதுதான்: வெறுங்கூடு, ஆய்வகப் பேச்சில் 'கோஸ்ட்'. டாட்ஜ், மிட்செல், ஹனாஹன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வழிமுறையின் சாரம் இன்றும் மாறவில்லை. இரத்தத்தை ஐசோடானிக் பாஸ்பேட் சலைனில் மூன்று முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே படியும் வெள்ளையணுப் படலத்தை இரக்கமில்லாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். கூடவே கொஞ்சம் சிவப்பணு போனாலும் பரவாயில்லை. பிறகு 1 மி.லி. செல்லுக்கு 40 மி.லி. என்ற அளவில் பனிக்குளிர்ந்த 5 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 8-ல் விட்டு உடைக்க வேண்டும். சுமார் 20,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுற்றி, வெள்ளையாகும் வரை மூன்று நான்கு முறை அதே பஃபரில் கழுவ வேண்டும்.

சுற்றி முடித்த குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே தளதளவென்று வழியும் வெளிர் இளஞ்சிவப்புப் படிவு, அதுதான் சவ்வு. அதற்கு அடியில், குழாயின் அடிமூலையில் மிளகு அளவுக்கு இறுகிய ஒரு சின்னப் பொட்டு தெரியும். அதில் வெள்ளையணுவிலிருந்து வந்த, புரதத்தை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள் இருக்கின்றன. குழாயை மெல்லச் சுழற்றினால் சவ்வு அந்தப் பொட்டின் மேல் வழுக்கி நகரும். அப்போது பொட்டை மட்டும் உறிஞ்சி எறிய வேண்டும். இதை விட்டுவிட்டால், பின்னால் டிடர்ஜென்ட் ஊற்றியதும் அந்த நொதிகள் பேண்ட் 3-ஐ வெட்டும். ஜெல்லில் புதுப் பட்டைகள் வரும். பழி டிடர்ஜென்ட் மேல் விழும். புரோட்டியேஸை முடக்கும் பிஎம்எஸ்எஃப் சேர்த்தோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பிஎச் 8-ல் அறை வெப்பத்தில் அது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே பாதியாகிவிடும். ஒவ்வொரு கழுவலுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

டிடர்ஜென்ட் தேவையே இல்லாத இடங்கள்

உங்கள் புரதம் ஓரப் புரதம் என்றால் டிடர்ஜென்ட் பக்கமே போக வேண்டாம். உப்பும் காரமும் போதும். சிவப்பணுவில் இது அடுக்கடுக்காக நடக்கும். 150 மில்லிமோலார் உப்பில் கழுவினாலே பேண்ட் 6 கழன்று வரும். அது வேறு யாருமில்லை, கிளைக்காலிசிஸ் நொதியான ஜிஏபிடிஹெச்தான், பேண்ட் 3-இன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். (அதனால்தான் மற்ற செல்களில் செய்வதுபோல ஜிஏபிடிஹெச்-ஐ 'சைட்டோசால் (செல்லின் உள்திரவம்) கலப்படம் இல்லை' என்பதற்குச் சாட்சியாகச் சிவப்பணுவில் நிறுத்த முடியாது.) உப்பு ஏறக்குறைய இல்லாத 0.1 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடிக்கும் பொருள்), பிஎச் 8, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஸ்பெக்ட்ரினும் ஆக்டினும் வந்துவிடும். அதன் பிறகு 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு ஆன்கைரினைக் கழற்றும். ஸ்பெக்ட்ரின் போனதும் கூடு சின்னச் சின்னக் குமிழ்களாக உடைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. முன்பு சுற்றிய அதே வேகத்தில் சுற்றினால் சவ்வு கீழே இறங்காமல் மேல்திரவத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து 'புரதம் கரைந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள்.

எல்லா ஓரப் புரதத்தையும் ஒரே அடியில் கழற்ற வேண்டுமென்றால் 1982-ல் ஃபுஜிகியும் சகாக்களும் தந்த கார்பனேட் முறை: 0.1 மோலார் சோடியம் கார்பனேட், பிஎச் 11.5, பனியில் 30 நிமிடம், பிறகு 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம். படிவில் தங்குவது ஊடுருவும் புரதம், மேலே வருவது ஓரப் புரதம். வகை பிரிப்பதற்கு இதைவிட மலிவான முறை இல்லை. ஆனால் அந்தக் காரத்தில் பல புரதங்களின் மடிப்பு கலைந்துவிடும். செயல்பாடு அளக்கும் எண்ணம் இருந்தால் இது வேண்டாம்.

ஜிபிஐ நங்கூரப் புரதத்துக்கு பிஐ-பிஎல்சி நொதியால் நங்கூரத்தை வெட்டி எடுப்பது அழகான வழி. நீரில் கரையும் புரதமாகவே கையில் கிடைக்கும். ஆனால் மனிதச் சிவப்பணுவின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் இந்த நொதிக்கு மசியாது. அதன் இனோசிட்டால் வளையத்தில் கூடுதலாக ஒரு பால்மிட்டேட் ஒட்டியிருக்கிறது. நொதி அங்கே கைவைக்க முடியாது. மாட்டுச் சிவப்பணுவில் அந்தத் தடை இல்லை, வெட்டு விழும். 'வெட்டுப்படவில்லை, ஆகவே ஜிபிஐ இல்லை' என்ற முடிவுக்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இனி டிடர்ஜென்ட்: எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்

ஒவ்வொரு டிடர்ஜென்டுக்கும் சிஎம்சி என்று ஓர் எல்லை உண்டு. அந்தச் செறிவைத் தாண்டினால்தான் மூலக்கூறுகள் கூடி மைசெல் என்ற சிறு உருண்டை ஆகும். மைசெல் இருந்தால்தான் புரதம் நீரில் நிற்கும். எஸ்டிஎஸ்-க்கு நீரில் 7 முதல் 8 மில்லிமோலார் (உப்பு சேர்ந்தால் வெகுவாகக் குறையும்). ஆக்டைல் குளுக்கோசைடுக்குச் சுமார் 18 முதல் 20 மில்லிமோலார், அதாவது அரை சதவீதத்துக்கு மேல். டிடிஎம் என்கிற டோடெசைல் மால்டோசைடுக்கு 0.17 மில்லிமோலார், 0.0087 சதவீதம். எல்எம்என்ஜி-க்கு 0.01 மில்லிமோலார், 0.001 சதவீதம். இந்த எண் சிறிதாகச் சிறிதாக டிடர்ஜென்ட் புரதத்தை விட்டுப் போகத் தயங்கும். புரதத்துக்கு அது நல்லது. பின்னால் டிடர்ஜென்டை நீக்க நினைத்தால் அதுவே தலைவலி. ஆக்டைல் குளுக்கோசைடை டயாலிசிஸ் பையில் போட்டு நீக்கிவிடலாம். எல்எம்என்ஜி-யை அப்படி நீக்க நாட்கள் ஆனாலும் முடியாது.

எஸ்டிஎஸ். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) 'இருக்கிறதா' என்று பார்க்க இதுவே போதும், இதுவே சிறந்தது. வேறு எதையும் வாங்க வேண்டாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, பொட்டாசியம் உள்ள பஃபரில் ஊற்றினால் வெள்ளையாகப் பனிபோல் படிந்துவிடும்; குளிர்பெட்டியில் வைத்தாலும் படியும். இரண்டு, மாதிரியை 95 டிகிரியில் கொதிக்கவைக்கும் பழக்கம். பல முறை சவ்வைக் கடக்கும் புரதங்களின் நீர்வெறுக்கும் பகுதிகள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும். ஆக்வாபோரின்-1-க்கு 28 கிலோடால்டனில் எதிர்பார்த்த பட்டை இல்லாமல் மேலே ஒரு கறை மட்டும் இருந்தால், ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஸ்டிஎஸ் எல்லாவற்றையும் பிரித்துவிடும் என்று நம்புவதும் தவறு: கிளைக்கோஃபோரின் ஏ எஸ்டிஎஸ்-க்குள்ளும் ஜோடியாகவே ஓடும். அதன் சவ்வுச்சுருள்கள் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன. அதே புரதத்தின் எடையில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால் கூமாசி நீலம் அதைச் சரியாகப் பிடிக்காது. சர்க்கரையைப் பிடிக்கும் பிஏஎஸ் சாயம் வேண்டும்.

ட்ரைட்டான் எக்ஸ்-100. மலிவு, எங்கும் கிடைக்கும், இம்யூனோபிரெசிபிடேஷனுக்கு (ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்தெடுப்பதற்கு) போதுமானது. சிவப்பணுக் கூட்டில் 1 சதவீதம் ஊற்றினால் கொழுப்பும் பேண்ட் 3-இன் பெரும்பகுதியும் கரையும். ஸ்பெக்ட்ரின்-ஆக்டின் வலை செல்லின் உருவத்திலேயே படிவாக நிற்கும். ஆன்கைரின் வழியாக அந்த வலையோடு கட்டப்பட்ட பேண்ட் 3-இல் ஒரு பங்கும் அதோடு கீழே போகும். 'பாதிதான் கரைந்தது, டிடர்ஜென்ட் போதவில்லை' என்று அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. அங்கே தேவைப்படுவது கூடுதல் உப்பு. 4 டிகிரியில் ஜிபிஐ புரதங்கள் ட்ரைட்டானில் சரியாகக் கரையாது. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் நெருங்கிய பகுதிகளோடு சேர்ந்து படிவிலேயே தங்கும். ஆக்டைல் குளுக்கோசைடு அவற்றைக் கரைத்துவிடும். ட்ரைட்டானின் இன்னொரு குறை, அதன் பென்சீன் வளையம் 280 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவது. புரத அளவை அந்த அலைநீளத்தில் படிக்கவே முடியாது. பிராட்ஃபோர்டு என்ற சாய அளவீட்டு முறையும் டிடர்ஜென்டில் பொய் சொல்லும். பிசிஏ என்ற இன்னொரு அளவீட்டு முறைதான் கைகொடுக்கும், அதுவும் டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி இல்லாமல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி முதல் இந்த வகை ஆக்டைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகளுக்கு அனுமதிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நீண்ட காலத் திட்டத்தை இதன் மேல் கட்டுவது எங்கள் பரிந்துரை அல்ல.

டிடிஎம். சுத்திகரிக்க வேண்டும், புரதம் உயிரோடு வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். மின்னூட்டம் இல்லை, 280-இல் உறிஞ்சாது, மடிப்பைப் பெரும்பாலும் கெடுக்காது. கரைக்கும்போது 1 சதவீதம். புரதத்தைப் பிடித்துவைக்கும் பிசினில் கழுவும்போது 0.03 சதவீதம், அதாவது சிஎம்சி-யைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கரைக்கும் பஃபரில் போட்டுவிட்டு கழுவும் பஃபரில் மறந்துவிடுவார்கள். மைசெல் கலைந்த கணமே புரதம் பிசின் மேலேயே கட்டியாகிவிடும். பிசினிலிருந்து விடுவிக்கும் இமிடசோலை எவ்வளவு ஏற்றினாலும் வராது. செறிவூட்டும்போது இன்னொரு பொறி இருக்கிறது. டிடிஎம் மைசெல்லே சுமார் 70 கிலோடால்டன். 50 கிலோடால்டன் வடிகட்டியில் புரதத்தோடு காலி மைசெல்லும் சேர்ந்து செறிவடையும். 1 சதவீதம் போட்ட நினைப்பில் 5 சதவீதத்தில் புரதத்தை ஊறவைத்திருப்பீர்கள். பேண்ட் 3 இரட்டையாக இருப்பதால் 100 கிலோடால்டன் வடிகட்டி போதும். காலி மைசெல்லின் பெரும்பங்கு கீழே போய்விடும். ஜி-புரத இணைப்பு ஏற்பிகள்போல கொலஸ்ட்ரால் இல்லாமல் தளர்ந்துவிடும் புரதங்களுக்கு டிடிஎம்-இல் பத்தில் ஒரு பங்கு கொலஸ்ட்ரைல் ஹெமிசக்சினேட் கலப்பது வழக்கம்.

எல்எம்என்ஜி, டிஜிடோனின். துணைப் புரதங்கள் பிரியாமல் கூட்டாக வேண்டுமென்றால் இவை. பேண்ட் 3, ஆர்எச் (இரத்த வகைப் புரதம்), ஆக்வாபோரின்-1 எல்லாம் ஆன்கைரினைச் சுற்றி ஒரே தொகுப்பாக நிற்பவை. ட்ரைட்டானில் அந்தக் குடும்பம் கலைந்துபோக வாய்ப்பு அதிகம். எல்எம்என்ஜி 2010-ல் அறிமுகமானது; அடுத்த ஆண்டே பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பி தன் ஜி-புரதத்தோடு சேர்ந்த படிக வடிவம் அதன் துணையால் கிடைத்தது. விலை டிடிஎம்-ஐ விடக் கூடுதல்; ஆனால் சுத்திகரிப்பில் 0.002 முதல் 0.003 சதவீதம் போதும் என்பதால் கணக்குப் பார்த்தால் பஃபர் செலவு அவ்வளவு உறுத்தாது. கரைப்பதில் வேகம் குறைவு, ஒரு மணிக்குப் பதில் இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். டிஜிடோனின் செடியிலிருந்து எடுப்பது, தொகுதிக்குத் தொகுதி மாறும், 95 டிகிரிக்குச் சூடாக்கித்தான் கரைக்க வேண்டும், குளிரில் திரும்பவும் படியும், நஞ்சும்கூட. தூளை எடைபோடும்போது முகமூடி கட்டாயம். அதே குணம் வேண்டுவோர் செயற்கையாகச் செய்த ஜிடிஎன்-ஐ வாங்குவது நல்லது.

கரைந்ததா என்று எப்படித் தெரியும்

தேர்வு செய்துவிட்டு நேராகப் பெரிய அளவில் இறங்க வேண்டாம். 2 மி.கி./மி.லி. சவ்வில் 200 மைக்ரோலிட்டர் வீதம் ஐந்து குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு டிடர்ஜென்ட் 1 சதவீதம். 150 மில்லிமோலார் உப்பு, 10 சதவீதம் கிளிசரால், 4 டிகிரியில் ஒரு மணி நேரம் மெல்லச் சுழற்றல். மொத்தத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டு மீதியை 1,00,000 ஜி-யில் 45 நிமிடம் சுற்றுங்கள். மேசை சென்ட்ரிஃபியூஜின் 15,000 ஜி கணக்கில் சேராது. உடையாத சவ்வுத் துணுக்குகள் அந்த வேகத்தில் மேலேயே மிதக்கும். படிவை ஆரம்பக் கன அளவுக்கே கலக்கி, மொத்தம், மேல்திரவம், படிவு மூன்றையும் சம அளவு ஜெல்லில் ஓட்டுங்கள்.

மேல்திரவத்துக்கு வந்துவிட்டதாலேயே மடிப்பு சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. எஸ்டிஎஸ்-இல் எல்லாமே மேல்திரவத்துக்கு வரும். மேல்திரவத்தை சைஸ் எக்ஸ்க்ளூஷனில் (அளவு வாரியாகப் பிரிக்கும் தூணில்) ஓட்டி, தூணின் வெற்றுக் கன அளவில் முதலில் வரும் கட்டிப் புரதத்தின் உச்சியையும் புரதத்துக்குரிய உச்சியையும் ஒப்பிட வேண்டும். 90 சதவீதம் கரைத்துப் பாதியைக் கட்டியாக்கும் டிடர்ஜென்டைவிட, 50 சதவீதமே கரைத்து ஒரே கூர்மையான உச்சி தரும் டிடர்ஜென்ட் மேல். விளைச்சலைக் கூட்ட இரத்தத்தைக் கூட்டினால் போயிற்று. கலைந்த மடிப்பை எதைக் கூட்டியும் மீட்க முடியாது.

ஒரு புரதம் எந்த டிடர்ஜென்டில் கரைய மறுக்கிறது என்பதும் பயன்படும் செய்திதான். சிவப்பணுவில் 28 கிலோடால்டனில் ஒரு புரதம் என்-லாராயில்சார்கோசினில் கரையாமல் அடம்பிடித்தது. மற்றவை கரைந்துபோக அது மட்டும் மிஞ்சியதால் எளிதாகச் சுத்திகரிக்க முடிந்தது. பீட்டர் ஆக்ரேயின் ஆய்வகம் 1988-ல் பிரித்தெடுத்த அந்தப் புரதம்தான் 1992-ல் நீர்க்கால்வாய் என்று நிரூபணமாகி, பின்னர் ஆக்வாபோரின்-1 என்று பெயர் பெற்று, 2003-ல் நோபல் வரை போனது. கூமாசி நீலம் அதைச் சரியாகப் பிடிக்காததால் அத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

கொழுப்போடு சேர்த்தே வேண்டுமா?

செயல்பாடு அளக்க வேண்டும், டிடர்ஜென்டில் அது வரவில்லை என்றால் மீதி இருப்பவை நானோடிஸ்கும் எஸ்எம்ஏ என்ற பாலிமரும். இரண்டும் சுமார் 10 நானோமீட்டர் அகலக் கொழுப்புத் தட்டில் புரதத்தை உட்காரவைப்பவை. வித்தியாசம், எஸ்எம்ஏ சவ்விலிருந்து நேரடியாகவே தட்டை வெட்டி எடுக்கும், அந்தச் சவ்வின் சொந்தக் கொழுப்போடு. நானோடிஸ்குக்கு முதலில் டிடர்ஜென்டில் சுத்திகரித்து, பிறகு தட்டின் விளிம்பைச் சுற்றி நிற்கும் எம்எஸ்பி புரதமும் கொழுப்பும் சோடியம் கோலேட்டும் கலந்து, பயோ-பீட்ஸ் மணிகளைப் போட்டு டிடர்ஜென்டை உறிஞ்ச வேண்டும். எம்எஸ்பி1டி1 (ஒரு வகை எம்எஸ்பி) ஒன்றுக்கு பிஓபிசி கொழுப்பு சுமார் 65 என்ற விகிதத்தில் தொடங்கலாம். கொழுப்பு கூடினால் லிப்போசோம் என்ற கொழுப்புப் பையாகிவிடும், குறைந்தால் புரதம் கட்டியாகும். இந்த விகிதத்தைப் பிடிக்கவே இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிவைப்பது நியாயம். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1-இன் வடிவம் 2013-ல் ஆம்ஃபிபால் என்ற பாலிமரில் கிடைத்தது. 2016-ல் அதையே நானோடிஸ்கில் வைத்துப் பார்த்தபோதுதான் பக்கத்துக் கொழுப்பு மூலக்கூறுகள் எங்கே அமர்கின்றன என்பதும் தெரிந்தது. பட்ட பாட்டுக்கு அப்படியொரு பலன் உண்டு.

எஸ்எம்ஏ கேட்பதற்கு எளிது: 2.5 சதவீதம், பிஎச் 8, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். ஆனால் சில மில்லிமோலாருக்கு மேல் கால்சியமோ மக்னீசியமோ பட்டால் பாலிமர் திரிந்து படிந்துவிடும், பிஎச் 6.5-க்குக் கீழேயும் அப்படியே. சிவப்பணுவின் கால்சியம் பம்ப்புக்கு மக்னீசியம்-ஏடிபி வேண்டும், சோடியம்-பொட்டாசியம் பம்ப்புக்கும் வேண்டும். அவற்றின் வழக்கமான அளவீட்டுப் பஃபரில் எஸ்எம்ஏ நிற்காது. அங்கே நானோடிஸ்கோ, இருவேலன்ஸ் அயனிகளைத் தாங்கும் டிஐபிஎம்ஏ பாலிமரோ போக வேண்டும். பின்னது கரைக்கும் அளவு குறைவு. பேண்ட் 3 வழியான அயனிப் பரிமாற்றத்தையோ ஆக்வாபோரின் வழியான நீரோட்டத்தையோ அளக்க இந்த இரண்டு தட்டும் உதவாது. கடத்தலை அளக்க உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு அறை வேண்டும். தட்டுக்கு அது கிடையாது. டிடிஎம்-இல் சுத்திகரித்து லிப்போசோமில் திரும்ப ஏற்றுவதே வழக்கமான வழி.

வளர்ப்புச் செல்லில் ஒரு புரதம் மேற்பரப்புக்கு வந்ததா என்பது மட்டுமே கேள்வி என்றால், மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. செல்லுக்குள் நுழையாமல் வெளிப்புறப் புரதத்தில் ஒட்டும் சல்ஃபோ-என்எச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் 0.5 மி.கி./மி.லி., பிஎச் 8 பாஸ்பேட் சலைனில், 4 டிகிரியில் 30 நிமிடம். 100 மில்லிமோலார் கிளைசினால் நிறுத்தி, ட்ரைட்டானில் உடைத்து, பயோட்டினைப் பிடிக்கும் நியூட்ராவிடின் மணிகளில் பிடித்து, டிடிடி-யால் விடுவிக்கலாம். வினை நடக்கும் பஃபரில் டிரிஸ் (அமீன் உள்ள பஃபர் பொருள்) இருந்தால் பயோட்டின் முழுவதையும் அதுவே தின்றுவிடும். செல்லை 37 டிகிரியில் வைத்தால் பயோட்டின் ஏறிய புரதம் உள்ளே இழுக்கப்படும். மணிகளில் செல்லின் உட்புரதமான ஆக்டினின் பட்டை தெரிந்தால் செல்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அந்த வளர்ப்புத் தட்டின் முடிவை எடுத்துக்கொள்ளாமல் மறுபடி செய்யுங்கள்.